பத்திரம் சரி, பண்டம் எது?

"பத்திரமெல்லாம் சரியாக இருக்கிறது, அப்புறம் என்ன?" என்பது கேள்வி கேட்போர் வாயை அடைப்பதற்கென்றே நம் நாட்டில் வழங்கிவரும் மந்திரம். நிலம் வாங்குவோரிடம் இது ஓதப்படுகிறது. வீடு வாங்குவோரிடம் ஓதப்படுகிறது. பழைய வண்டி வாங்குவோரிடம் தவறாமல் ஓதப்படுகிறது. பத்திரம் பண்டத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரு சொல்; அச்சொல் மெய்யா பொய்யா என்பதைப் பண்டத்தின் அருகில் சென்றுதான் அறிய வேண்டும். இந்தச் சிறு உண்மையை மறந்ததற்கு நாம் கொடுத்துவரும் விலை பெரிது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வாதத்துக்கு நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் ஒரு வேகக் கார். இலக்கியம் பேசும் இடத்தில் காருக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். ‘லிமிடெட் எடிஷன்’ என்று கார் உலகினர் சொல்கிறார்களே, அந்த எடிஷனுக்குத் தமிழ் பதிப்பு. பதிப்பு என்று வந்துவிட்டால் மூலம் எது, படி எது, இடைச்செருகல் எது என்ற கேள்விகளும் உடன் வந்துவிடும். அவை தமிழ் படித்தவன் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய கேள்விகள். கார்க்காரர்கள் அவற்றை நம்மிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை என்றால் இழப்பு அவர்களுக்கு மட்டும் அன்று.

நிகழ்ந்ததைப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டு சனவரியில் தில்லி வாகனக் கண்காட்சியில் ‘அவந்தி’ என்ற கார் காட்சிக்கு வந்தது. வாகன வடிவமைப்பாளர் திலீப் சாப்ரியாவின் டி.சி. நிறுவனம் படைத்த கார் அது. இந்தியாவின் முதல் ஸ்போர்ட்ஸ் கார் என்று அது விளம்பரப்படுத்தப்பட்டது. இருவர் மட்டுமே அமரக்கூடிய, தரையோடு தாழ்ந்த உடல், இருக்கைகளுக்குப் பின்னால் ரெனோ நிறுவனத்தின் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இயந்திரம், 250 குதிரைத்திறன். விலை முப்பது இலட்சம் ரூபாய்க்கு மேல். பின்னர் 310 குதிரைத்திறன் கொண்டதாக ஒரு சிறப்புப் பதிப்பும் அறிவிக்கப்பட்டது. அதில் 31 கார்கள் மட்டுமே செய்யப்படும் என்றார்கள். அரிய பொருள் என்ற ஆசையை மூட்டுவதற்கு எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வதைவிட எளிய வழி வணிகத்தில் வேறில்லை.

2020 டிசம்பரில் மும்பைக் காவல்துறையின் குற்றப்பிரிவினர் தென்மும்பையில் ஓர் அவந்தியை மறித்துச் சோதித்தனர். அது தமிழ்நாட்டில் பதிவு செய்யப்பட்ட கார். அதே இயந்திர எண்ணும் அதே சேசிஸ் எண்ணும் ஹரியானாவிலும் பதிவாகியிருந்தன என்று காவல்துறை சொன்னது. டிசம்பர் 28 அன்று திலீப் சாப்ரியா கைது செய்யப்பட்டார். நிறுவனமே தன் கார்களைத் தான் வாங்குவதுபோல் காட்டி நிதி நிறுவனங்களிடம் கடன் பெற்றது, ஒரே காரின்மேல் ஒன்றுக்கு மேற்பட்ட கடன்கள் எழுந்தன, இவ்வாறு ஏறத்தாழ 90 கார்கள் கைமாறின என்பன காவல்துறை அடுக்கிய குற்றச்சாட்டுகள். குற்றச்சாட்டு தீர்ப்பு ஆகாது. யார் குற்றவாளி என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நாம் அதில் தலையிடவில்லை. இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. விசாரணையை முன்னின்று நடத்திய அதிகாரியே 2021 மார்ச்சில் வேறொரு வழக்கில் கைதாகி, பின்னர் பணியிலிருந்தும் நீக்கப்பட்டார். ஆக, விற்றவர்மேல் ஐயம், விசாரித்தவர்மேலும் ஐயம். இனி எவரை நம்புவது?

எவரையும் நம்ப வேண்டியதில்லை என்பதே நம் விடை. எவர் சொன்னாலும், வேறொருவர் மீண்டும் சோதித்துப் பார்த்து அதே முடிவுக்கு வரக்கூடியதாக ஒரு சான்று இருக்க வேண்டும். அத்தகைய சான்றுக்குத்தான் சான்று என்று பெயர். மற்றவை வெறும் வாக்குமூலங்கள்.

காருக்கு அப்படிப்பட்ட சான்று ஏதேனும் உண்டா? உண்டு. இன்றைய கார் ஒவ்வொன்றின் உலோக உடலிலும் 17 இடங்கள் கொண்ட அடையாள எண் பொறிக்கப்படுகிறது. உலகு முழுமைக்கும் பொதுவான அந்த முறையில் ‘ஐ’, ‘ஓ’, ‘க்யூ’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு இடமில்லை. அவை ஒன்றோடும் சுழியத்தோடும் மயங்கிவிடும் என்பதால் முதலிலேயே விலக்கிவிட்டார்கள். ஏடெழுதுவோர் கைப்பிழையை நன்கு அறிந்த எவரும் இந்த முன்னெச்சரிக்கையை மெச்சுவர். முதல் மூன்று இடங்கள் செய்தவரைச் சொல்லும். ‘எம்.ஏ.3’ என்று தொடங்கினால் மாருதி, ‘எம்.ஏ.எல்.’ என்றால் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய், ‘எம்.ஏ.டி.’ என்றால் டாடா. அடுத்து வரும் இடங்கள் வண்டியின் வகையையும் வரிசையையும் சொல்லும். நூலுக்குப் பாயிரம் செய்யும் வேலையை வண்டிக்கு இந்த எண் செய்கிறது. ஒரு முறை வழங்கிய எண்ணை முப்பது ஆண்டுகளுக்கு மற்றொரு வண்டிக்கு வழங்கலாகாது என்பது விதி. விதி இப்படியிருக்க, ஒரே எண்ணுக்கு இரு மாநிலங்களில் இடம் கிடைத்தது என்றால், எண்ணைப் பதிந்தவர்கள் எண்ணை மட்டும் பார்த்தார்கள், அதற்கு முன் அது எங்கேனும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கவில்லை என்றுதானே பொருள்?

நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் சேசிஸ் எண்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார்கள். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதைப் போன்ற நல்ல முறைதான். ஆனால் மைப்படி எடுத்த கல்வெட்டாய்வாளர் அத்தோடு வீட்டுக்குப் போய்விடுவதில்லை. எழுத்தின் வடிவம் அந்த நூற்றாண்டுக்கு உரியதா, கல் இடம் மாறி வந்ததா, மன்னனின் ஆட்சியாண்டு பிற கல்வெட்டுகளோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார். நம் பென்சில் அச்சோ கோப்பில் ஒட்டப்பட்டு உறங்கிவிடுகிறது. பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளம் இருக்கிறது. பார்த்ததற்கு அடையாளம் இல்லை.

எண்ணைத் திருத்துவோர் கையாளும் வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, பழைய எண்ணை அரத்தால் தேய்த்து அழித்துவிட்டுப் புதிய எண்ணை அடிப்பது. இதைக் கண்டுபிடிக்க அறிவியல் வழி செய்திருக்கிறது. எண்ணை அடிக்கும்போது உலோகத்தின் மேற்பரப்பு மட்டும் பள்ளமாவதில்லை. அதன் அடியிலுள்ள படிக அமைப்பும் நசுங்குகிறது. மேற்பரப்பைத் தேய்த்தெடுத்த பின்னும் அடியிலுள்ள நசுக்கம் எஞ்சி நிற்கும். தடயவியலார் அந்த இடத்தை மெருகிட்டு அமிலக் கரைசலைத் தடவுவர். நசுங்கிய பகுதியும் நசுங்காத பகுதியும் வெவ்வேறு அளவில் அரிக்கப்பட, அழிக்கப்பட்ட எண் மங்கலாக எழுந்து வரும். இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. விபத்தில் நொறுங்கிப்போன ஒரு மெய்யான வண்டியிலிருந்து எண் பொறித்த தகட்டை அப்படியே வெட்டியெடுத்து, களவாடிய வேறொரு வண்டியில் பற்றவைத்துவிடுவது. இங்கே எண்ணும் மெய், எண் பொறித்த இரும்பும் மெய். வண்டி மட்டும் பொய். அமிலம் இங்கே அவ்வளவாக உதவாது. பற்றவைத்த தழும்பைத் தேட வேண்டும். வண்டியின் மற்ற உறுப்புகளின் எண்களும் ஆலையின் குறிப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

வரையறுத்த எண்ணிக்கையில் செய்யப்படும் வேகக் கார்களில் இந்தச் சிக்கல் பன்மடங்காகும். காரணம் எளிது: சாதாரண வகையும் அரிய வகையும் பெரும்பாலும் ஒரே உடலைக் கொண்டவை. 1973ஆம் ஆண்டுக்குரிய போர்ஷே கரேரா ஆர்.எஸ். 2.7 என்ற காரை எடுத்துக்கொள்வோம். பந்தயத்துக்குத் தகுதி பெற 500 கார்கள் செய்தால் போதும் என்று தொடங்கி, கேட்போர் மிகுந்ததால் 1,580 செய்தார்கள். இன்று அதன் விலை அதே காலத்துச் சாதாரண 911 காரின் விலையைப்போல் பல மடங்கு. ஆகவே சாதாரணக் காருக்குப் பின்புறத்தில் அந்த வாத்து வால் போன்ற இறக்கையைப் பொருத்தி, பக்கவாட்டில் ‘கரேரா’ என்று எழுதி, ஆர்.எஸ். ஆக்கிவிடுகிறார்கள். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. அறிந்தவர்கள் பார்ப்பது வேறு: இயந்திர எண், பற்சக்கரப் பெட்டியின் எண், சேசிஸ் எண் ஆகிய மூன்றும் ஆலைப் பதிவேட்டில் ஒரே வரியில் நிற்கின்றனவா, எடை குறைத்த வகைக்கு உரிய மெல்லிய தகடு இருக்கிறதா, பின் சக்கரங்களுக்கு இடமளிக்கும் அகலம் ஆலையில் அமைந்ததா, பட்டறையில் இழுத்து அமைத்ததா. அமெரிக்காவின் ஷெல்பி கோப்ராவிலும் இதே கதைதான். 1960களில் ஏறத்தாழ ஆயிரம் கார்களே செய்யப்பட்டன. அதே உருவில் பின்னர் வந்த படிகள் அதைப்போல் பல மடங்கு. அங்கே ஆர்வலர் சங்கம் ஒன்று ஒவ்வொரு காரின் எண்ணையும் அதை வைத்திருந்தோர் வரிசையையும் திரட்டி நூலாகவே வெளியிட்டது. கார்களுக்கு ஒரு சுவடி விளக்க அட்டவணை!

அப்படியானால் ஆணி முதல் அச்சு வரை பழைய இரும்பாகவே இருந்தால்தான் மெய்யான காரா? இந்தக் கேள்வி 1990இல் லண்டன் உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர் பெற்ற பென்ட்லி கார். அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம் பின்னர் பின்வாங்கியது. பந்தயத்தில் ஓடிய காரின் உறுப்புகளில் மிகச் சிலவே அதில் எஞ்சியுள்ளன, எனவே இது அந்தக் காரே அன்று என்பது அதன் வாதம். நீதிபதி ஆட்டன் அதை ஏற்கவில்லை. பந்தயத்துக்குப் பந்தயம் உறுப்புகள் மாறின, உடல் மாறியது, ஆனால் அந்தக் கார் எப்போதும் காணாமற்போகவில்லை. மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அறியப்பட்ட கைகளில், அறியப்பட்ட காலத்தில் நடந்தன. அதன் இடத்தில் ‘நானே அது’ என்று வேறொரு கார் வந்து நிற்கவும் இல்லை. ஆகவே இது ஓல்டு நம்பர் ஒன்தான் என்று அவர் முடிவு செய்தார்.

இந்தத் தீர்ப்பைக் கார்க்காரர்களைவிட நாமே நன்றாகப் புரிந்துகொள்ள முடியும். சங்க காலத்தில் எழுதப்பட்ட ஓலை ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. ஓலையின் ஆயுள் சில நூற்றாண்டுகளே. பழையது சிதையுமுன் புதிய ஓலையில் படி எடுத்தார்கள். அது சிதையுமுன் மறுபடி. புறநானூற்றின் ‘இரும்பு’ எத்தனை முறை மாறியிருக்கும்! ஆயினும் அது புறநானூறே. படிகள் ஒன்றுக்கொன்று சான்று. உரையாசிரியர்கள் எடுத்தாண்ட மேற்கோள்கள் அவற்றுக்கு வெளிச்சான்று. இந்தத் தொடர்ச்சியைக் காட்ட முடிகிற காரணத்தால்தான் 1894இல் உ.வே.சாமிநாதையர் அச்சிட்ட நூலைக் கையில் வைத்துக்கொண்டு அது பழைய நூல் என்று உலகுக்குச் சொல்ல முடிகிறது. மெய்ம்மை பொருளின் பழமையில் இல்லை. கைமாறிய வழி அறுபடாமல் இருப்பதில் இருக்கிறது. அந்த வழியைக் காட்ட இயலாதவர் எத்தனை பழைய இரும்பைக் காட்டினாலும், எத்தனை பழுப்பேறிய ஓலையைக் காட்டினாலும், காட்டியது போதாது.

போதாது என்பதற்கு நம் கரிசல் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பதினெண் கீழ்க்கணக்கு என்பது பெயரிலேயே எண்ணிக்கையைத் தாங்கிய தொகுதி. பதினெட்டு நூல்கள், அதற்கு மேல் இல்லை. அந்தப் பதினெட்டின் பட்டியலைத் தரும் பழைய வெண்பாவில் பாடவேறுபாடு உண்டு. அதனால் பதினெட்டாவது இடம் எதற்கு உரியது என்பதில் நெடுங்காலம் குழப்பம் நிலவியது. 1917இல் ‘இன்னிலை’ என்ற நூல் அந்த இடத்துக்கு உரியதாக வெளிவந்தது. பொய்கையார் பாடியதாகச் சொல்லப்பட்ட 45 வெண்பாக்கள். அதற்கு உரையெழுதிப் பதிப்பித்தவர் ஒட்டப்பிடாரம் வ.உ.சிதம்பரனார். ஆங்கிலேயனுக்கு எதிராகக் கப்பல் விட்டவர். செக்கிழுத்துச் சிறையிலிருந்து மீண்டவர். தமிழ்மேல் கொண்ட அன்பால் கைப்பொருள் இழந்தவர். அவருடைய நேர்மையில் கடுகளவும் ஐயமில்லை. ஆயினும் அவருக்குக் கிடைத்த நூல் பிற்காலத்தார் எவரோ புனைந்தது என்பதே பின்வந்த ஆய்வாளர் பலரின் முடிவு. 1931இல் இ.வை.அனந்தராமையர் ‘கைந்நிலை’யைப் பதிப்பித்தார். புல்லங்காடனார் பாடியது, திணைக்குப் பன்னிரண்டாக அறுபது பாடல்கள். அவற்றில் பல சிதைந்தும் சொற்கள் உதிர்ந்தும் கிடைத்தன. ஆனால் பழைய உரையாசிரியர்கள் அதன் பாடல்களை மேற்கோளாக ஆண்டிருந்தார்கள். வையாபுரிப்பிள்ளை போன்றோர் பதினெட்டாவது இடத்தைக் கைந்நிலைக்கே அளித்தனர்.

இதில் கார் வாங்குவோர் கற்க வேண்டிய பாடங்கள் மூன்று. எண்ணிக்கையை முன்னரே அறிவித்த தொகுதியில் ஓர் இடம் காலியாகத் தெரிந்தால், அதை நிரப்ப ஒருவன் எங்கேனும் ஓலையைக் கருக்கிக்கொண்டிருப்பான். 31இல் ஒன்று எங்கே போயிற்று என்று தெரியாவிட்டால், அதைச் செய்து கொடுக்க ஒரு பட்டறை தயாராக இருக்கும். இது முதற்பாடம். குறையின்றிப் பளபளப்பாக வந்து நிற்பதைவிடச் சிதைவோடு வந்து நிற்பதே சில வேளை மெய்யாக இருக்கும். சிதைவுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. இது இரண்டாவது. கொண்டுவந்து கொடுப்பவர் நல்லவர் என்பது கொடுக்கப்பட்ட பொருள் நல்லது என்பதற்குச் சான்று ஆகாது. நல்லவர்களே ஏமாற்றுவோரின் முதல் குறி. இது மூன்றாவது பாடம். இந்த மூன்றாவதை நம்மவர் கற்கவே மாட்டோம் என்று அடம்பிடிக்கிறோம். வ.உ.சி. பதிப்பித்தார், ஆகவே ஐயுறலாகாது என்று சொல்வது அந்தப் பெருமகனுக்குச் செய்யும் மரியாதை அன்று. அவரை ஏமாற்றியவனுக்குச் செய்யும் மரியாதை அது.

‘அப்படியானால் படியெடுப்பதே பாவமா? மூலத்தை வாங்க வசதியற்றவன் மாதிரியை வைத்து மகிழக் கூடாதா?’ என்று ஒரு நண்பர் மடக்கினார். மகிழட்டும். நம் கயத்தாற்றிலிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனால் ஒரு கோட்டையைக் காணலாம். கட்டபொம்மன் வாழ்ந்த கோட்டை ஆங்கிலேயரால் தரைமட்டமாக்கப்பட்டது. இப்போது நிற்பது 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக்கோட்டை. அரசு அதை மறைக்கவில்லை; நினைவுக்கோட்டை என்றே பெயர். மாதிரி தன்னை மாதிரி என்று சொல்லிக்கொள்ளும் வரை அதில் பொய் இல்லை. கோப்ராவைப்போல் ஒரு கார் செய்து, ‘கோப்ராவின் படி’ என்று எழுதி விற்பவன் கைவினைஞன்; அதையே மூலம் என்று விற்பவன் திருடன். 2019 சூலையில் பிரேசிலின் இட்டஜாயி நகரில் காவல்துறையினர் ஒரு பட்டறையைச் சோதித்தபோது பெராரி, லம்போர்கினி என்ற பெயர்களில் கார்கள் உருவாகிக்கொண்டிருந்தன. ஒரே கைவேலை, ஒட்டிய முத்திரைதான் குற்றத்துக்கும் தொழிலுக்கும் நடுவிலுள்ள கோடு.

அந்தக் கோடு அழிந்தால் என்ன ஆகும் என்பதையும் நம் ஊரே காட்டும். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது இந்தக் கயத்தாற்றில். இங்கே வரும் இளைஞர்களில் பலர் அவன் பேசிய பேச்சு என்று ஆவேசத்தோடு ஒப்பிப்பது 1959இல் வெளிவந்த திரைப்படத்துக்குச் சக்தி கிருஷ்ணசாமி எழுதிய உரையாடலை. அந்த உரையாடலின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. தமிழ்த் திரை கண்ட சிறந்த வசனங்களுள் அது ஒன்று. ஆனால் அது வசனம். கட்டபொம்மனின் கடைசி நேரத்தைப் பற்றி அவனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மனே மேலிடத்துக்கு எழுதிய கடிதம் இருக்கிறது; கால்டுவெல் தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் அதை எடுத்துத் தந்திருக்கிறார். கட்டபொம்மன் அஞ்சவில்லை, தலைகுனியவில்லை என்று பகைவனே ஒப்புக்கொண்ட ஆவணம் அது. அதைவிடவா வசனம் பெரிது? மெய்யான பெருமை கையில் இருக்கும்போதே போலிப் பெருமையை நாடுகிறவனிடம் மெய்யான காரைக் கொடுத்தாலும் அவனுக்கு அடையாளம் தெரியாது.

இப்போது வலிமையான மறுப்புக்கு வருவோம். ‘முப்பது இலட்சம், ஒரு கோடி என்று காருக்குக் கொட்டுகிறவன் ஏமாந்தால் எனக்கென்ன? தீப்பெட்டி ஆபீசுக்கும் பருத்திக்காட்டுக்கும் போய்ப் பிழைக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு பணக்காரன் பொம்மைக்காக நாம் ஏன் அழ வேண்டும்?’ கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் பதிவேடு பணக்காரனுக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று என்று இரண்டு வைக்கப்படுவதில்லை.

நாம் அறிந்த குடும்பம் ஒன்று. மிளகாய் வற்றலும் உளுந்தும் ஏற்றிச் செல்வதற்காகப் பழைய குட்டியானை ஒன்றை வாங்கினார்கள். நகை அடகுக்குப் போயிற்று; மீதிக்குக் கடன். புரோக்கர் காட்டிய ஆர்.சி. புத்தகமும் காப்பீட்டுத் தாளும் ஒழுங்காகவே இருந்தன. ‘பத்திரமெல்லாம் சரியாக இருக்கிறது’ என்ற மந்திரமும் ஓதப்பட்டது. ஓராண்டு கழித்து எப்.சி.க்குக் கொண்டுபோனபோது எண் பொறித்த இடத்தில் தேய்ப்புத் தடம் இருப்பதை ஆய்வாளர் கண்டார். வண்டி பிடித்துவைக்கப்பட்டது. விற்றவன் மறைந்தான். மாதத் தவணை மட்டும் மறையவில்லை. அந்த வீட்டுப் பெண் கல்லூரிப் படிப்பை நிறுத்திவிட்டாள். இவர்கள் யாரும் வேகக் காரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் முப்பது இலட்ச ரூபாய்க் காரின் எண்ணைக் கேள்வி கேட்காமல் பதிகிற பழக்கம்தான் இவர்களுடைய குட்டியானையின் எண்ணையும் கேள்வி கேட்காமல் விட்டது. பணக்காரன் ஏமாந்தால் வழக்கறிஞரை வைத்துக்கொள்வான். மற்றவர்கள் வயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

மெய்ம்மைக்கு விலை உண்டு என்பதும் நம் பகுதிக்குப் புதிதன்று. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. எங்கோ செய்து, ‘கோவில்பட்டி’ என்று உறையில் மட்டும் அச்சடித்து விற்றவர்களால் இந்த ஊர்ச் சிறு தொழிலாளர்கள் பட்ட இழப்பை அறிந்தவர்கள் பலர் இதைப் படிக்கக்கூடும். நம் மிட்டாய்க்கு நியாயம் கேட்கும்போது விழித்திருக்கிற அறிவு, வண்டிக்கும் நூலுக்கும் ஏன் தூங்கிவிடுகிறது?

சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆலை வகுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்று 2019 சனவரியில் உச்சநீதிமன்றம் கூறியது. 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்கு லேசர் எண் பொறித்த உயர்பாதுகாப்புப் பலகை கட்டாயம். ஐம்பது ஆண்டு கடந்த பழம்பெரும் வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற தனி வரிசையை 2021 சூலையில் மைய அரசு ஏற்படுத்தியது. சேசிசிலோ உடலிலோ இயந்திரத்திலோ பெருமாற்றம் செய்யப்படாதவற்றுக்கே அந்த வரிசை. எல்லாம் நல்ல விதிகள். ஆனால் விதியைக் காப்பது மீண்டும் ஒரு தாள், ஒரு முத்திரை, ஒரு கையொப்பம் என்று முடிந்துபோனால், பழைய மந்திரத்துக்குப் புதிய ராகம் போட்டதாகவே ஆகும்.

ஆகவே நாம் கேட்பது இவை. ஒரு சேசிஸ் எண் பதிவுக்கு வரும்போது அது நாட்டில் வேறெங்கும் இல்லை என்று சோதித்த பின்னரே பதியப்பட வேண்டும்; அவ்வாறு சோதித்தவர் பெயர் பதிவேட்டில் நிற்க வேண்டும். வரையறுத்த எண்ணிக்கையில் வண்டி செய்கிற நிறுவனம், எத்தனை செய்தது, எந்த எண்கள், எந்த இயந்திரத்தோடு எந்தச் சேசிஸ் என்ற பட்டியலை வெளியிட வேண்டும். 31 என்று விளம்பரம் செய்ய வாய் இருக்கிறவர்களுக்கு 31 எண்களையும் சொல்ல வாய் இருக்க வேண்டும். கடன் கொடுப்பவர் வண்டியின் பக்கத்தில் நின்று எண்ணைப் படித்த பின் கையெழுத்திட வேண்டும். வாங்குபவர் பத்திரத்தைப் படிக்கும் முன் வண்டியின் அடியில் குனிய வேண்டும். உடை அழுக்காகும், ஆகட்டும்.

தமிழ் படித்த நம்மவரிடம் கேட்பதும் ஒன்று உண்டு. எட்டயபுரத்தில் பிறந்தவன் பெயரில் அவன் எழுதாத வரிகள் நாள்தோறும் உலவுகின்றன, பட்டிமன்றத்தில் முழங்கப்படுகின்றன, வாழ்த்து அட்டையில் அச்சாகின்றன. சீனி.விசுவநாதன் ஆயுளையே செலவிட்டு, பழைய இதழ்களைத் தேடி, பாரதியின் எழுத்துகளைக் காலவரிசையில் 23 தொகுதிகளாக நிறுத்தினார். எந்த வரி எந்த இதழில், எந்த நாளில் வந்தது என்று அங்கே பார்க்கலாம். பாரதியின் ஆலைப் பதிவேடு அது. அதைப் புரட்டிப் பார்க்கச் சோம்பி, கையில் கிடைத்த வரியைப் பாரதி பெயரில் மேடையில் சொல்லுகிற பேராசிரியருக்கும், தாளை மட்டும் பார்த்து வண்டியைப் பதிகிற எழுத்தருக்கும் நாம் வேறுபாடு காணவில்லை. எழுத்தராவது ஒரு முறை பென்சிலால் தேய்த்துப் பார்த்தார்.

நம் கூற்றில் பிழை கண்டோர் மறுக்கலாம், வரவேற்கிறோம். வரும்போது பத்திரத்தை மட்டும் கொண்டுவராமல் பண்டத்தையும் கொண்டுவாருங்கள். அருகருகே வைத்துப் பார்ப்போம்.